வெள்ளி காலை ஐந்து பத்து

டக், டக், டக். கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் டக், டக், டக்.

சத்தம் நடு அறையிலிருந்து வந்தது. அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. யாரோ பொறுமையிழந்து நகத்தால் மேஜையைத் தட்டுவது போலிருந்தது. ஆனால் வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது. அண்ணன் ஐந்தரைக்கெல்லாம் பம்ப் ஹவுஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். இப்போது மணி ஆறே முக்கால்.

வடிகட்டியை டம்ளர் மேலேயே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். தட்டியது கம்ப்யூட்டர்தான். தினமும் எழுந்ததும் அதன் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். டீ போட்டு, ஆற்றி, பாதி குடித்து முடிக்கும்போதுதான் அது கண் விழிக்கும். பன்னிரண்டு வருடத்துக் கிழம். அதற்கென்று ஒரு நிதானம் உண்டு. இன்றோ திரை கறுப்பாகக் கிடந்தது. மேல் ஓரத்தில் ஒற்றை வரியாய் வெள்ளை ஆங்கில எழுத்து. மேஜைக்கடியில் நின்ற பெட்டிக்குள்ளிருந்து அந்த டக், டக், டக்.

அணைத்தாள். பத்து எண்ணினாள். போட்டாள். டக், டக், டக்.

"இன்னிக்குப் பார்த்தா உனக்கு இப்படி ஆகணும்?" என்றாள் அதனிடம். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசுவது அந்தப் பெட்டியோடு மட்டும்தான்.

இன்றைக்குப் பார்த்து என்று அவள் நொந்துகொண்டதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் பதினாலு வருடம் பின்னால் போக வேண்டும்.

அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. டோக்கன் மேஜை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. குரல் ஒன்றுதான் துணை. தங்கள் பெயர் காதில் விழுந்ததும் கையை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்கள், அவள் போய்க் கையைப் பிடித்து டாக்டர் அறை வாசலில் விட்டுவிட்டு வருவாள். ஒரு நாளைக்கு முன்னூறு பெயர். மேஜையில் மைக் ஒன்று இருக்கிறது, அதை அவள் தொட்டதே இல்லை. "டோக்கன் அக்கா தொண்டை இருக்கிற வரைக்கும் இந்த மைக்குக்கு வேலையில்லாத திண்டாட்டம்தான்" என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

ஊரையே கூப்பிடுகிற அந்த வாய், சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் தாண்டியதும் தாழ் போட்டுக்கொள்ளும்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அண்ணனுக்கு இருபத்தைந்து. "முதல்ல தங்கச்சி, அப்புறம்தான் நான்" என்று அண்ணன் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னார். அந்த 'முதல்ல' வரவேயில்லை. வந்த இடங்கள் எல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிப்போயின. அண்ணனும் தலை நரைத்துத் தனியாளாகவே நின்றுவிட்டார். நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் விசையைப் போடுவதும் நிறுத்துவதும், மணிக்கொரு தரம் நோட்டுப் புத்தகத்தில் அளவு குறிப்பதும் அவர் வேலை. பேச்சுத் துணைக்கு அங்கே இரண்டு மோட்டார்கள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது நடக்கும்போது ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பிரிவில் லென்ஸ் தேய்க்கிறவர் ஒருவர் அவளிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மனைவியை இழந்தவர். சத்தமாகச் சிரிக்கக்கூடத் தெரியாத மனிதர். "உங்க அண்ணனை வந்து பார்க்கட்டுமா?" என்பதுதான் கேள்வி. "ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள்.

அவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். அவள் உள்ளே டீ போட்டாள். அலமாரியில் இருந்த டம்ளர்களில் விளிம்பு உடையாதவையாகப் பார்த்து எடுத்துத் துடைத்தாள். தட்டில் வைத்துத் தூக்கியபோது வாசல் கதவு படாரென்று சாத்திய சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் அண்ணன் மட்டும் நின்றிருந்தார்.

"போயிட்டாரா?"

"ஏதோ அவசர வேலையாம்."

இரண்டே வாரத்தில் அந்த மனிதர் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பிடிக்காமல் போய்விட்டது போலிருக்கிறது என்று அவள் ஒரு வருடம் முழுக்கக் கண்ணாடி முன் நிற்பதையே தவிர்த்தாள். பிறகு ஒரு நாள் ஒரு நர்ஸ், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "உங்களுக்கு இஷ்டமில்லன்னு உங்க அண்ணன் சொல்லிட்டாராமே? பாவம் மனுஷன், இப்பத்தான் வேற இடத்துல கல்யாணம் முடிஞ்சுது."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"நீயா சொன்ன?"

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. பம்ப் ஹவுஸ் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். அவள் அவரோடு பேசிய கடைசிப் பேச்சு அந்த இரண்டு வார்த்தைதான்.

கோபம் ஆறு மாதத்தில் ஆறிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அதுதான் நிஜம். கோபம் ஆறிய இடத்தில் வைராக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் தேய்ந்து, யார் முதலில் வாய் திறப்பது என்கிற கூச்சம் மட்டும் மிஞ்சியது. மலையைத் தாண்டிவிடலாம், கூச்சத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம். அவள் சமைத்து மூடி வைப்பாள். அவர் வந்து தனியாகப் போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் நடு அறையில் இந்தக் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் வாங்கி வைத்திருந்தார். எதற்கு, யாருக்கு என்று யார் கேட்பது? நாலைந்து நாள் கழித்துத் திரையில் 'வீடு' என்று ஒரு ஃபைல் இருப்பதைப் பார்த்தாள். திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வரி: 'காஸ் பதிவு செய்தாயிற்று. வியாழன் வரும்.' ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்திருக்கிறார் என்பது எழுத்துப் பிழைகளிலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அதன் கீழே அவள் அடித்தாள்: 'வந்தாயிற்று.'

அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம். அவள் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் எழுதுவாள், அவர் விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுவார். அவர் எழுதியதை அவள் காலை டீயோடு படிப்பாள். 'குழாய் ஒழுகுகிறது.' 'ஆள் வந்து போனான். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.' 'பின் கதவுத் தாழுக்கு எண்ணெய் போட்டாயிற்று.' 'மழை வரும் போல. குடை ஆணியில்.' அண்ணா என்றோ தங்கச்சி என்றோ ஒரு விளி கிடையாது. ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, 'மாத்திரை மேஜை மேல். வெறும் வயிற்றில் போடக் கூடாது' என்று இருந்தது. அந்த வரியை அவள் பத்துத் தடவை படித்தாள். குணமான பிறகும் ஒரு தடவை போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

இந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவள் எழுதியது வேறு விதமான வரி.

ஆஸ்பத்திரி வெகுதூரத்து ஊரில் புதுக் கிளை திறக்கிறது. டோக்கன் மேஜைக்குப் பழகிய ஆள் வேண்டும், தங்க அறை தருவோம் என்று மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். "திங்கட்கிழமை ஒம்பது மணிக்குள்ள சொல்லிடுங்க. வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். வீட்டில் கேட்டுவிட்டு! அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். சாயங்காலம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இப்படி அடித்தாள்:

'அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேறு ஊரில் வேலை. அங்கேயே தங்க அறை உண்டு. இனிமேல் பால் அரை லிட்டர் போதும்.'

அடித்துவிட்டு, அணைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. மூக்கை மட்டும் இரண்டு முறை சிந்தினாள்.

போக ஆசையா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில் யாரும் தெரியாத ஊரில் ஒற்றை அறையில் போய்க் கிடக்க யாருக்கு ஆசை வரும்? வேறு ஒன்றுக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். போகாதே என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். 'சரி' என்று எழுதியிருந்தால் பெட்டியைக் கட்டிவிடலாம். 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் மேனேஜரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வெள்ளிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டாள்.

டக், டக், டக்.

வெள்ளி முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரே பெயரை இரண்டு முறை கூப்பிட்டாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தாள். அண்ணன் கடைக்குப் போன சமயம் பார்த்து ஒரு முறை. அவர் குளிக்கும்போது ஒரு முறை. சனிக்கிழமையும் அப்படியே. அவர் தன் வரியைப் படித்தாரா, இல்லை, அவர் போடும்போதே அது படுத்துவிட்டதா? முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், பதினாலு வருடமாக அந்த முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. பார்த்தாலும் படிக்கிற பழக்கம் விட்டுப்போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் தன் அறையிலிருந்து போனில் பேசுவது கேட்டது. "ஆமா, வீட்டுக்கு வந்துதான் பார்க்கணும்... பழசுதான்... நாளைக்கே வந்தா நல்லது. அவசரம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொம்ப அவசரம்ங்க."

அந்த 'ரொம்ப' அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். முதுகில் பை, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், வாயில் ஓயாத பேச்சு.

"பேஷண்ட் எங்கக்கா?"

அவள் நடு அறையைக் காட்டினாள். அவர் மேஜைக்கடியில் தலையை விட்டுப் பெட்டியை வெளியே இழுத்தார். தூசியில் மூன்று தும்மல் போட்டார்.

"எப்பலேர்ந்து இந்தச் சத்தம்?"

"வெள்ளிக்கிழமை காலைலேர்ந்து" என்றாள்.

"அதுக்கு முன்னாடி ஸ்லோவா இருந்துச்சா?"

"அது பொறந்ததுலேர்ந்து ஸ்லோதான்" என்றார் அண்ணன், சன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்தபடி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, சாரை அந்தப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. அண்ணன் தானாக வந்து பிடுங்கினார்.

"சார், அக்காகிட்ட ஒரு பழைய துணி கேட்டு வாங்குங்க."

அண்ணன் கேட்கவில்லை. அவள் தானாகப் போய் எடுத்து வந்து தரையில் வைத்தாள். கம்ப்யூட்டர்காரர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார் இங்க வாடகைக்கு இருக்காரா?"

"அண்ணன்" என்றாள். மூன்றாம் மனிதரிடம் சொல்வது கணக்கில் வராது.

"ஓ. கூடப் பொறந்தவரா." அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "எங்க வீட்லயும் இது உண்டுக்கா. கோவம் வந்தா என் சம்சாரம் ஃபேன்கிட்டதான் பேசுவா. 'ஃபேனே, சாப்பாடு ஆறிப்போகுது'ம்பா. நானும் ஃபேனைப் பார்த்து 'இதோ வரேன்'ம்பேன். ரெண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். உங்களுக்கு எத்தனை நாளா?"

அவள் துணியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு வாரமா?"

"பதினாலு வருஷம்" என்றார் அண்ணன், தெருவைப் பார்த்தபடியே.

ஸ்க்ரூ டிரைவர் பாதிச் சுற்றில் நின்றது. கம்ப்யூட்டர்காரர் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் தும்மக்கூட இல்லை. நாலு திருகையும் கழற்றி, இரண்டு வயரையும் பிடுங்கி, உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் பெட்டியைத் தனியே எடுத்தார்.

"ஹார்டு டிஸ்க் போச்சு. இதுக்குள்ள கண்ணாடி மாதிரி வழவழன்னு தட்டு ஒண்ணு சுத்தும். அது மேல தொட்டும் தொடாம ஒரு கை நின்னு எழுதும், படிக்கும். அந்தக் கைக்கு இப்ப இடம் தெரியல. தேடுது, கிடைக்கல, திரும்பி வந்து மறுபடியும் தேடுது. டக் டக்னு கேட்டீங்களே, அதுதான்." டிஸ்க்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணிப் பார்த்தீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஒரு பத்துப் பன்னெண்டு தடவை இருக்கும்."

"அடடா, அக்கா. சத்தம் கேட்டதும் தொடாம விட்டிருக்கணும். ஒவ்வொரு தடவை போடும்போதும் அந்தக் கை தட்டைக் கீறிக்கிட்டே போகும். இருக்கறதும் போயிடும்."

தேடித் தேடியே அழித்துவிட்டேனா? அந்த ஒரு வார்த்தையை என் கையாலேயே சுரண்டிப் போட்டுவிட்டேனா?

"பன்னெண்டு இல்ல" என்றது சன்னல் பக்கத்துக் குரல். "நான் போட்டதையும் சேர்த்துக்குங்க. அது ஒரு பதினஞ்சு தடவை."

"சார், நீங்களுமா?"

"அவங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடி. கடைத்தெருவுக்குப் போனப்ப. மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தப்ப." அண்ணன் ஒரு பிடிபட்ட திருடனைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அவள் தலை தானாக நிமிர்ந்தது. சன்னல் வெளிச்சத்தில் அண்ணனின் முதுகு தெரிந்தது. பின் கழுத்து முழுக்க நரைத்திருந்தது. எப்போது இவ்வளவு நரைத்தது? இவர் எதற்காகப் பதினைந்து தடவை போட்டுப் பார்த்தார்? எதைத் தேடினார்?

கம்ப்யூட்டர்காரர் தன் லேப்டாப்பை எடுத்து, டிஸ்க்கை ஒரு வயரால் அதோடு இணைத்தார். டக், டக், டக். பிடுங்கினார். "சூடா இருக்கு. ஒரு கால் மணி நேரம் ஆறட்டும். அப்புறம் கடைசியா ஒரு முயற்சி. வந்தா வரும், இல்லன்னா புதுசைப் போட்டுட்டுப் பழசை மறந்துடுங்க."

மறந்துடுங்க. சொல்கிறவருக்கு என்ன.

அவள் அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். தட்டை எடுத்தாள். இரண்டு டம்ளர் வைத்தாள். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் வைத்தாள். அதே தட்டுதான். அதைத் தூக்கும்போது, அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை போல வாசல் கதவு சாத்திக்கொள்ளுமோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு பயம் வந்தது. வேகமாக நடந்து வந்தாள். விருந்தாளி இருந்த இடத்திலேயே இருந்தார். ஒரு டம்ளரை அவர் எடுத்துக்கொண்டார். தட்டைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு அவள் தள்ளி நின்றாள். அண்ணன் டம்ளரை எடுத்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் டீ குடித்தார்கள். அந்த வீட்டில் அதுவே ஒரு பெரிய சம்பவம்.

கால் மணி நேரம் கழித்து டிஸ்க்கை ஒருக்களித்துத் துணி மேல் சாய்த்து வைத்து, கம்ப்யூட்டர்காரர் மறுபடி இணைத்தார். ஒரு டக். பிறகு மெல்லிய ரீங்காரம்.

"சுத்துது" என்றார் ரகசியம் போல. "யாரும் பேசாதீங்க. உங்களுக்குத்தான் அதுல பிரச்சனையே இல்லையே." லேப்டாப் திரையில் ஏதேதோ பெயர்கள் வரிசையாக விழுந்தன. "வந்துடுச்சு. ஆனா எந்த நிமிஷமும் நின்னுடும். எது ரொம்ப முக்கியம்? சீக்கிரம் சொல்லுங்க."

"வீடு" என்றாள் அவள்.

"வீடு" என்றார் அவர்.

இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தன. எந்தக் குரல் முந்தியது என்று கம்ப்யூட்டர்காரருக்கே தெரிந்திருக்காது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஃபைலை இழுத்துப் போட்டார். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பாதியில் நின்றது. நகர்ந்தது. கடைசி நூலளவில் மறுபடி நின்று, வெகுநேரம் யோசித்து, முடிந்தது. அதே நொடியில் டிஸ்க் ஒரு முறை கிறீச்சிட்டு அடங்கியது. அதன் பிறகு அது சுற்றவே இல்லை.

"வாங்கியாச்சு. ஆனா முழுசா வந்துச்சான்னு தெரியல. பாருங்க."

திறந்தார். பன்னிரண்டு வருடத்துக் காஸும் பாலும் குழாயும் குடையும் திரையில் மேலே மேலே ஓடின. அவர் எதையும் படிக்காதது போலவே கீழே தள்ளினார். ஆனாலும் ஒரு இடத்தில், "ரெண்டு இடத்துல ஒழுகுதா?" என்று வாய்க்குள் சிரித்துக்கொண்டார். கடைசிப் பக்கம் வந்தது.

'மாடித் துணி எடுத்தாயிற்று.' அது புதன்கிழமை அவள் எழுதியது. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள், எழுத்தே இல்லாமல், வரிசையாக.

"கடைசி ரெண்டு மூணு வரி போச்சுக்கா. அந்த இடத்துல தட்டு கீறிடுச்சு."

அவளுடைய அரை லிட்டர் பாலும் அந்தக் கட்டங்களுக்குள் எங்கோ கிடந்தது. நல்லதுதான், யாரும் படிக்கவில்லை, நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"கடைசியா சேவ் பண்ணினது" என்று கம்ப்யூட்டர்காரர் மூலையில் இருந்த சிறிய எழுத்தைப் படித்தார், "வெள்ளிக்கிழமை காலை அஞ்சு பத்து."

அவள் கேட்டது சரிதானா என்று மூளை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. அவள் எழுதி முடித்தது வியாழன் சாயங்காலம் ஏழு. வெள்ளி ஐந்து பத்துக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

படித்திருக்கிறார். படித்தது மட்டுமில்லை, எழுதியும் இருக்கிறார்.

"அஞ்சு பத்துக்கு யாரு எழுதினது?" கம்ப்யூட்டர்காரர் பொதுவாகக் கேட்டார்.

"நான்தான்." அண்ணன் சன்னலை விட்டுத் திரும்பியிருந்தார். அவர் கேட்டது கம்ப்யூட்டர்காரரை, ஆனால் குரல் வேறு பக்கம் போயிற்று. "காலையில அதைத் திறந்து பார்த்தாங்களா? சத்தம் வர்றதுக்கு முன்னாடி?"

"நான் போடும்போதே சத்தம்தான்" என்றாள் அவள், கம்ப்யூட்டர்காரரிடம்.

அண்ணனின் தோள் கொஞ்சம் இறங்கியது. நிம்மதியா, ஏமாற்றமா, அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருந்தா மறுபடி அடிச்சுடலாம் சார். பெருசா இருந்துச்சோ?"

"ஒரு வரிதான்." அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "முக்கா மணி நேரம் ஆச்சு, அந்த ஒரு வரிக்கு."

அதற்கு மேல் கம்ப்யூட்டர்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேச்சுக்காரரே தவிர முரடர் இல்லை. புது டிஸ்க்கைப் பழையது இருந்த இடத்தில் பொருத்தி, நாலு திருகையும் முடுக்கி, வயர்களைச் செருகினார். ஒரு மணி நேரம் ஏதேதோ ஏற்றினார். பெட்டி இப்போது சத்தமே போடவில்லை. சுவிட்சைப் போட்டதும் டீ ஆறும் நேரம்கூட எடுக்காமல் கண் விழித்தது. 'வீடு' திரையில் வந்து உட்கார்ந்தது. கட்டங்களை அழித்துவிட்டிருந்தார். புதன்கிழமைத் துணிக்குக் கீழே ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது, எழுது எழுது என்பது போல.

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவள் அடுப்படி வாசலில் நின்றாள். அவருடைய ஒற்றை விரல் நீண்டு, எழுத்துத் தேடி, ஒன்றை அழுத்தியது. திரையில் ஆங்கில எழுத்து விழுந்தது. அழித்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஆங்கிலம்.

"தமிழ்ல அடிக்கிற வசதி இன்னும் போடல சார். அது என்கிட்ட கையில இல்ல, உங்க வீட்ல நெட்டும் இல்ல. நாளைக்குச் சாயங்காலம் கொண்டு வந்து போட்டுத் தரேன்."

"நாளைக்குச் சாயங்காலமா?"

"ஆமா. ஒரு நாள்தானே."

ஒரு நாள்தான். ஆனால் திங்கட்கிழமை ஒன்பது மணி அந்த ஒரு நாளுக்கு முன்னால் வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர்காரர் பையை முதுகில் மாட்டினார். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுடாதீங்கக்கா. பெரிய லேப்ல கொடுத்தா அந்தக் கடைசி வரி கிடைச்சாலும் கிடைக்கும். மாசக்கணக்காகும், நிச்சயமும் இல்ல." வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டினார். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "டீ நல்லா இருந்துச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அண்ணன் கதவைப் பிடித்தபடி நின்றார். இதே கதவு. இதே ஞாயிற்றுக்கிழமை வெயில் அன்றும் இப்படித்தான் வாசலில் விழுந்திருந்தது.

அவள் கையில் டிஸ்க் இருந்தது. துணிக்குள் அது சூடு ஆறிக் குளிர்ந்திருந்தது. ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். நாலரை மணிக்கே எழுந்து, இருட்டில், ஒற்றை விரலால். 'சரி' என்று எழுத யாருக்கும் முக்கால் மணி நேரம் ஆகாது. 'வேண்டாம்' என்று எழுதவும் ஆகாது. வேறு என்னவோ எழுதியிருக்கிறார். பதினாலு வருடத்துக்கு முன் கேட்ட கேள்விக்குப் பதிலாகக்கூட இருக்கலாம்.

அண்ணனின் கை சட்டைப் பைக்குப் போனது. பம்ப் ஹவுஸ் பேனாவை எடுத்தார். மற்றொரு கையால் அந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வெற்றுத் தாளைத் தேடிப் புரட்டினார். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

அப்போது அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தத் தாளில் ஒரு வரி விழுந்துவிட்டால், இன்னொரு பன்னிரண்டு வருடத்துக்கு இந்த வீட்டில் தாள்தான் பேசும்.

ஒரு நாளைக்கு முன்னூறு பெயரைக் கூப்பிடுகிற தொண்டைதான். ஒரு பெயரும் வரவில்லை. வந்த குரல் டோக்கன் மேஜைக் குரல் இல்லை. பத்தொன்பது வயதில் எங்கோ விட்டுவிட்டு வந்த ஒரு மெல்லிய குரல்.

"அந்தப் பேனாவ வச்சுடு."

அண்ணன் நோட்டுப் புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் போட்டார்.

"கதவச் சாத்திட்டு வந்து, வாயால சொல்லுண்ணா."

கீழே படியில் கம்ப்யூட்டர்காரரின் காலடிச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக இறங்கிப் போனது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். பேனாவைச் சட்டைப் பையில் செருகப் பார்த்தார், அது தவறித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, மெதுவாக, துளிச் சத்தம் வராமல், சாத்தினார்.